டீ நன்றாக இருந்த நாட்கள்

இன்று காலையில் ஒரு டப்பாவைத் திறந்தேன். சின்னத் தகர டப்பாதான். ஸ்குரூ டிரைவரால் மூடியை நெம்பியதும் அந்த வாடை மேலே வந்தது. பெயிண்ட் கடையும் பெட்ரோல் பங்க்கும் ஒன்றாகக் கலந்த மாதிரி, லேசான இனிப்போடு, மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வாடை. டொலுவின். தண்ணீருக்குப் பதிலாகப் பசை கரைக்கிற அந்தத் திரவம் நம் ஷெட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. நீ இருந்திருந்தால் டப்பாவையும் என்னையும் சேர்த்தே வெளியே தள்ளியிருப்பாய்.

கொண்டுவந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஏஜென்ட். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசினார். “ஏனுங்க மேடம், இன்னும் எதுக்குங்க தண்ணியில பசை காய்ச்சிச் சிரமப்படறீங்க? இதுல எல்லாம் கலந்தே வருதுங்க. ஊத்தி இழுத்தீங்கன்னா சடசடன்னு காஞ்சுருமுங்க. வெடிப்பே வராதுங்க.” சாம்பிளை மேஜை மேல் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து பதில் கேட்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை முதலிலேயே உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

நீ போனது ஆடியில். இப்போது ஐப்பசி. கல்லறைத் திருநாளுக்காக உன் மகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். மத்தியானம் ஷெட்டுக்கு வருவதாகச் சொன்னாள். இந்தக் கடிதத்தை அவள் வருவதற்கு முன்னால் எழுத ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்காதே. ஏஜென்டுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் பேசிவிட வேண்டும் என்று தோன்றியது.

உன் அடக்கத்தன்று உன் பெரிய அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். “நீங்க ரெண்டு பேரும் அங்க அம்புட்டு வருசமா என்னதான் செஞ்சீக?” என்று கேட்டார். பீங்கான் தகடு என்றேன். “சாப்புடுற தட்டா?” என்றார். இல்லை, மின்சாரப் பெட்டிகளுக்குள் சூடு தாங்குவதற்காக வைக்கிற தகடு, பிஸ்கட்டை விட மெல்லிசாக இருக்கும் என்றேன். வெள்ளைத் தூளைத் தண்ணீரில் அரைத்து, பசை சேர்த்து, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் தாள் மேல் ஊற்றி, பிளேடால் சீராக இழுத்துக் காயவைப்போம். பிறகு உரித்து, வெட்டி, சூளையில் வைப்போம் என்று விளக்கினேன். கல்லறைத் தோட்டத்தில் நின்றுகொண்டு வேறென்ன பேசுவது? “பசை எதுக்கு?” என்றார். சூளைக்குப் போகும்வரை தூள் உதிராமல் பிடித்து வைத்துக்கொள்வதற்கு. சூளைச் சூட்டில் அது எரிந்துபோய்விடும் என்றேன். “அப்ப கடைசியில அது இருக்காதா?” “இருக்காது.” அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். நான் தொழிலைப் பற்றித்தான் சொன்னேன். இதை வைத்து உன்னைப் பற்றி அழகாக ஏதாவது எழுதலாம்தான். உனக்குப் பிடிக்காது, விடு.

பசை உன் வேலை. பிளேடும் சூளையும் என் வேலை. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். நீ பசை காய்ச்சும்போது என்னைக் கிட்டத்தில் விடமாட்டாய். எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். பசைக்கான வெள்ளைப் பொடியை நான் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் கொட்டி, பாத்திரம் முழுக்க ஜவ்வரிசி மாதிரிக் கட்டி கட்டியாக மிதந்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “உப்புமாவுக்கு ரவை போடுற மாதிரிப் போடாதடி. கேப்பைக் கூழுக்கு மாவு கரைக்கிற மாதிரி மொத பச்சத் தண்ணியில கரை. அப்பறமா அடுப்பப் பத்த வையி.” உன் கையில் அது கண்ணாடி மாதிரித் தெளிந்துவிடும். வடிகட்டி டிரம்மில் ஊற்றியதும், மூடியில் சுண்ணக்கட்டியால் சின்னதாக ஒரு சிலுவை போடுவாய். பக்தி என்று ஷெட்டில் கூடமாட வேலை பார்த்த பேச்சியம்மா நினைத்தாள். வடிகட்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் என்று நீ சொன்னாய். இரண்டும்தான் என்று எனக்குத் தெரியும்.

நீ காய்ச்சி வைத்துவிட்டுப் போனது ஆவணியோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு நான் காய்ச்சுகிறேன். கட்டி விழுகிறது. அவசரமாகக் கலக்கினால் நுரைக்கிறது. நுரைத்தால் தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் விழுகின்றன. போதாததற்கு இந்த மழை ஈரம். மேலே தோல் காய்ந்து அடியில் ஈரம் நின்று, தகடு அப்பளம் மாதிரி வளைகிறது. வாங்குகிறவர்கள் ஒரு லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் ஏஜென்டை வரச்சொன்னேன். நீ இல்லாத இடத்தில் நீ போட்ட நிபந்தனை செல்லுமா என்பதுதான் இப்போது என் முன்னால் இருக்கிற கேள்வி.

நிபந்தனை என்றதும் நாம் இருவரும் முன்னால் வேலை பார்த்த கம்பெனிதான் ஞாபகம் வருகிறது. அங்கே எல்லாமே டொலுவினில்தான். தகடு சுலபமாக வரும், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் ஃபேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மத்தியானத்துக்குள் தலை கிர்ரென்று சுற்றும். வேலை விட்டு பஸ்ஸில் ஏறினால் நம் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள். அப்படி ஒருநாள் பஸ்ஸில் வரும்போதுதான் உன் மகளைப் பற்றிச் சொன்னாய். அப்போது அவளுக்குப் பேச்சு வந்த புதிது. “தூக்கப் போனா மூஞ்சியத் திருப்பிக்கிறாடி. சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டுப் போனாலும் வரமாட்டேங்குறா. அம்மா மேல பெயிண்ட் வாடை அடிக்குதாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நீ சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சொந்தமாக ஆரம்பிக்கலாம் என்று நான் கேட்டபோது நீ யோசிக்கக்கூட இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாய். “தண்ணியிலதான் செய்வோம். டொலுவின் டிரம் வாசல் வழியா உள்ள வந்துச்சுன்னா அதே வாசல் வழியா நான் வெளிய போயிருவேன்.” சரி என்றேன். நீ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிடித்த பிடியை விடாதவள் நீ என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

ரெட்டியார்சத்திரம் போகிற சாலையில், என் அண்ணன் தோட்டத்து ஓரத்தில் இந்த ஷெட்டைப் போட்டோம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகிற தக்காளி வண்டிகள் வாசலில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். நீ ஈரச் சாக்கைக் கட்டி அதை மறைத்தாய். முதல் கோடையில் நாம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒருநாள் கரைசல் எண்ணெய் மாதிரி ஓடும்; மறுநாள் அதே தூள், அதே பசை, அதே அளவு, ஆனால் திரிந்த பால் மாதிரிக் கெட்டியாகி நிற்கும். பிளேடை வைத்து இழுத்தால் கோடு கோடாக வரும். காய்ந்ததும் வயல்வெடிப்பு. நாம் இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். தூளைச் சந்தேகப்பட்டோம், வெயிலைச் சந்தேகப்பட்டோம், பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்கிறார்களே, அதுவோ என்று கூட ஒருநாள் பேசினோம்.

கோயம்புத்தூரில் தகடு வாங்குகிறவர் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். வெடிப்பில்லாமல் ஒரு லோடு வந்தால் தொடர்வோம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். இந்த ஒரு லோடுக்கு மட்டும் டொலுவினில் போட்டு அனுப்பிவிடலாம், பிறகு நிதானமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நீ கத்தவில்லை. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துப் பையில் வைத்தாய், செருப்பை மாட்டினாய். “நாளைக்கு வாரேன். நீ யோசிச்சு வையி” என்றாய். நீ கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பேசாமல் போனதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் நீ வந்தாய். காலையிலேயே அரைக்கிற ஜாடி ஒன்றில் கரைசல் திரிந்துவிட்டது. இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மா டீ கொண்டுவந்தாள். அப்போது அவள்தான் ஷெட்டைப் பெருக்குவது, டிரம் நிரப்புவது, டீ போடுவது எல்லாம். நீ ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தாய்.

“இன்னைக்கு டீ நல்லாருக்குல்ல?”

“டீயா இப்ப முக்கியம்?” என்றேன்.

“நேத்து எப்புடி இருந்துச்சு?”

“கரிச்சுச்சு. எப்பவும் கரிக்கிற மாதிரி.”

“நேத்து மாவு எப்புடி ஓடுச்சு?”

நல்லா ஓடுச்சு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ விடவில்லை. போன வாரம் டீ நன்றாக இருந்தது என்றைக்கு என்று கேட்டாய். வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜாடி திரிந்ததா? திரிந்தது. டீ நன்றாக இருந்த நாளெல்லாம் கரைசல் கெட்டிருக்கிறது. டீ கரித்த நாளெல்லாம் கரைசல் ஓடியிருக்கிறது. நாம் ஏதேதோ சோதித்துக்கொண்டிருந்தோம், விடை டம்ளரில் இருந்திருக்கிறது.

பேச்சியம்மாவைக் கூப்பிட்டோம். அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது என்பதே அவளுக்குப் புரியவில்லை. தூள் அரைப்பதற்கென்று உப்பு நீக்குகிற மிஷினிலிருந்து வெள்ளை டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடம் எடுத்து டீக்கும் குடிக்கவும் வைத்திருக்கிறாள். டிரம்மில் அளவு குறையக் கூடாதே என்று அதற்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஒரு குடம் ஊற்றிவிட்டாள்.

“ஏத்தா, தெருவுல தண்ணி விட்ட அன்னைக்கு வேலைக்கு வர்ற புள்ளைக குடிக்க பாட்டில்ல கொண்டாந்துருதுக, டீய போர் தண்ணியிலயே போட்டுருவேன். விடாத அன்னைக்கு என்ன செய்யிறது? நல்ல தண்ணியப் போயி யாராச்சும் மண்ணுக் கரைக்க ஊத்துவாகளா? மண்ணு என்ன குடிச்சா பாக்கப் போகுது? அதான் அதுக்கு உப்புத் தண்ணி, நமக்கு நல்ல தண்ணி.”

வேறு ஊர்க்காரி ஒருத்தி இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள். இந்த ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு தண்ணீர். குடிக்க ஒன்று, கழுவ ஒன்று. குடத்தை மாற்றி வைத்தால் சின்னப் பிள்ளைக்குக் கூடத் திட்டு விழும். நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்றுகிறவளை எங்கள் தெருவிலும் சேர்க்கமாட்டார்கள். ஆனால் நம் தூளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைக்கிற மருந்துக்கு அந்த உப்புதான் எமன். ஒரு குடம் போதும், ஜாடி முழுக்கத் திரிந்துவிடும்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீ சிரித்தாய். ஸ்டூலில் உட்கார முடியாமல் கீழே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். பேச்சியம்மாவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள். நான் அவளைத் திட்ட வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாய். “அவுகளச் சொல்லாத. குடிக்கத் தண்ணி வைக்காம மண்ணுக்கு மிஷின் வச்சிருக்கோம். நீ அவுக எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்ப?” நானும் அதையேதான் செய்திருப்பேன். அதை அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லை.

அன்று மத்தியானமே திண்டுக்கல் போய் மூடி வைத்த ஒரு பெரிய பானை வாங்கி வந்தாய். மிஷினில் வருகிற முதல் குடம் பானைக்கு. அதற்குப் பிறகுதான் டிரம்முக்கு. எத்தனை அவசரமானாலும் இதில் மாற்றமில்லை என்று என் மூக்குக்கு நேரே விரலை ஆட்டிச் சொன்னாய். பானை நிறைந்திருந்ததால் டிரம் பக்கம் யாரும் போகவில்லை. கரைசலும் ஓடியது, டீயும் நன்றாக இருந்தது. ஜன்னலில் ஈரச் சாக்குத் தொங்க, தகட்டை அவசரப்படுத்தாமல் காயவைத்தோம். உரித்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று தேடினாய். இல்லை. அந்த லோடு போனது. அதற்குப் பிறகு எத்தனையோ லோடுகள் போயின. ஆனால் மறுநாள் நீ சொன்ன செய்தி லோடைப் பற்றியது இல்லை. “நேத்து அவளாவே வந்து மடியில உக்காந்தாடி. தலைய மோந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.” அதைச் சொல்லும்போது நீ சிரிக்கவில்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

உன்னைப் போலவே வாசலில் செருப்பை நேராகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஜாடி ஓடுவதைப் பார்த்தாள், சூளையைப் பார்த்தாள். ஆணியில் உன் ஏப்ரன் தொங்குவதைப் பார்த்ததும் கிட்டத்தில் போய் அதில் முகத்தை வைத்தாள். பிறகு திரும்பினாள்.

“ஒண்ணுமே இல்லையே பெரியம்மா. வாடையே இல்ல. வீட்டுல அம்மா சேலையெல்லாம் சித்தி தொவைச்சு வச்சிட்டாங்க. இதுலயாச்சும் இருக்கும்னு வந்தேன்.”

“இருக்காதுத்தா” என்றேன். “அதுக்குத்தான் உங்கம்மா அம்புட்டுச் சண்டை போட்டா.”

அவளுக்குப் புரியவில்லை. எனக்குமே சொன்ன பிறகுதான் முழுசாகப் புரிந்தது. உட்காரப் போனவள் மேஜை மேல் இருந்த டப்பாவைப் பார்த்தாள். நான் தடுப்பதற்குள் மூடியை எடுத்துவிட்டாள். அவள் முகம் மாறியது. நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் நீ சொன்ன கதையை இவளுக்கு யாராவது சொல்லியிருந்தாலும் வாடையையா சொல்லியிருக்க முடியும்?

“இது அம்மா” என்றாள். “நான் சின்னப் புள்ளையா இருக்கயில, அம்மா வேலைவிட்டு வருவாங்கள்ல... இதான் பெரியம்மா.”

நான் மூடியைக் கையில் எடுத்தேன். மூடிரட்டுமா என்று கேட்டேன். “செத்த நேரம் தொறந்தே இருக்கட்டும்” என்றாள். திறந்தே வைத்தோம். ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். எந்த வாடையைப் போக்குவதற்கு நீ இத்தனை வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டினாயோ, அதிலேதான் உன் பிள்ளைக்கு நீ அகப்பட்டாய். எனக்கு உன் மேல் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது, அழுதேன். அவளும் அழுதாள். அடக்கத்தன்று எனக்கு அழுகை வரவில்லை என்று உன் அத்தைக்குக் குறை. இன்று வந்ததை அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே மூடியை வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி மூடினாள். “போதும் பெரியம்மா. தலை வலிக்குது” என்றாள்.

பேச்சியம்மா டீ கொண்டுவந்தாள். இப்போது அவள் வேலைக்கு வருவதில்லை, அவள் மருமகள்தான் வருகிறாள். நீ பெற்ற பிள்ளையைப் பார்க்கவென்று இன்றைக்கு மட்டும் வந்திருந்தாள். உன் மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லாருக்கே, வீட்டுல போட்டா கரிக்குது” என்றாள். “அது உங்கம்மா பானைத் தண்ணி தாயி. மொதக் கொடம் எங்களுக்கு, அப்பறந்தேன் மண்ணுக்கு” என்றாள் பேச்சியம்மா. உன் மகள் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள். ஏப்ரனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் ஏஜென்ட் வந்தார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

“ஏனுங்க மேடம், தரம் சரியில்லைங்களா?”

“தரம் நல்லாத்தான் இருக்குங்க தம்பி. இது உள்ள வந்தா வெளிய போயிருவேன்னு ஒருத்தி சொல்லியிருக்கா.”

அவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். என்னையும், ஜாடியையும், ஆணியில் தொங்குகிற ஏப்ரனையும் தவிர அங்கே எதுவும் இல்லை. மேற்கொண்டு அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே.

அவர் போன பிறகு பசை காய்ச்சினேன். பச்சைத் தண்ணீரில் பொடியைத் தூவினேன், கேப்பைக் கூழுக்குக் கரைக்கிற மாதிரி. கை அடுப்பைப் பற்றவைக்கப் பறந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பொடி நன்றாக ஊறிய பிறகுதான் எழுந்தேன். தெளிந்துதான் வந்தது, ஒன்றிரண்டு ஜவ்வரிசி மிதந்தது, வடிகட்டிவிட்டேன். டிரம்மை மூடி, மேலே சுண்ணக்கட்டியால் உன் அடையாளத்தைப் போட்டேன். என் கைக்கு அது கொஞ்சம் சாய்ந்துதான் வருகிறது. நாளைக்கு முதல் குடம் பானைக்கு, அதற்குப் பிறகு இந்த டிரம்மைத் திறப்பேன். தகடு எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. வளைந்தால் மறுபடியும் காய்ச்சுவேன்.

கையைக் கழுவிவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் நின்று என் விரல்களை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை.